பிளம் கிரீக்கின் தூய அட்டை

மனிதகுலம் தன் கண்களை நம்பிச் சீரழிந்தது போதும் என்று முடிவுகட்டி, அட்டையை நம்பத் தொடங்கிய பொன்னாள் 1952 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. இடம், வட கரோலினாவின் பிளம் கிரீக் மண் மைதானம். நிகழ்ச்சி, இருநூறு சுற்று ஸ்டாக் கார் பந்தயம். அதாவது, காலையில் மளிகை வாங்கப் போன காரின் கதவில் எண் எழுதி மதியம் பந்தயம் விடுவது. சாயங்காலம் கார் உருப்படியாக இருந்தால் அதிலேயே வீட்டுக்குப் போகலாம்.

வெர்லீன் ஸ்ட்ரவுடின் கணவன் டூயி தன் குடும்பக் காரில் 14 என்று எழுதியிருந்தான். ஜெயிப்பவனுக்கு உள்ளூர்க் கார் வியாபாரி ஒரு புதுக் காரும் அடுத்த வருஷம் முழுக்கப் பந்தயச் செலவும் தருவதாக அறிவித்திருந்தார். தோற்றால் டூயி பஞ்சாலைக்குத் திரும்ப வேண்டும். ஆலைப் பஞ்சு ஏற்கனவே அவன் நெஞ்சில் பாதி குடியேறியிருந்தது. அவன் இரவெல்லாம் இருமுவதை வெர்லீன் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு காருக்கும் ஒரு பெண்மணி மேடையில் உட்கார்ந்து, கார் கடக்கும்போதெல்லாம் அட்டையில் ஒரு கோடு போடுவது வழக்கம். ஓட்டுபவனின் மனைவி, இல்லாவிட்டால் தாய். இவர்களைவிட 'நடுநிலையாளர்கள்' உலகில் கிடையாது என்பது கமிட்டியின் முடிவு.

வெர்லீனுக்குப் பக்கத்தில் 22ஆம் எண்ணுக்குக் கோடு போட்டவர் ஆர்ஃபா சக்ஸ் அம்மையார். ஓட்டியவன் அவர் மகன் லாமார். எண்பத்தோராவது சுற்றில் 22 வேலியைத் தாண்டிப் பறந்து, பின்னாலிருந்த பன்றிக் குட்டையில் இறங்கியது. மைதானமே எழுந்து நின்று பார்த்தது. அம்மையார் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

"மேடம், உங்க பையன் குட்டையில கிடக்கான்!" என்றாள் வெர்லீன்.

"லாமாரா? அவன் சின்ன வயசிலேர்ந்து எதையும் பாதியில விட்டதில்லம்மா" என்றபடி இன்னொரு கோடு போட்டார்.

நூற்று அறுபதாவது சுற்றில் செம்மண் புழுதி எழும்பி எதுவுமே தெரியாமல் போனது. வெர்லீனின் பென்சில் அந்தரத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுப்பவள் அவள். பார்க்காததற்குக் கோடு போடவில்லை.

கடைசியில் டூயி தன்னந்தனியாக முதலில் வந்தான். கட்டம்போட்ட கொடி ஆடியது, தொப்பிகள் பறந்தன. பிறகு அட்டைகளை எண்ணக் கமிட்டி கூடியது. தலைவர் ஹோரஸ் யாண்டில், வார நாட்களில் சவ அடக்க நிலையம் நடத்துபவர். ஆகவே எந்தச் செய்தியையும் முகம் மாறாமல் சொல்லக்கூடியவர்.

"முதலிடம், லாமார் சக்ஸ், இருநூறு சுற்று. இரண்டாமிடம், டூயி ஸ்ட்ரவுட், நூற்றுத் தொண்ணூற்றொன்பது."

கழுத்துவரை சேற்றோடு வேலியில் உட்கார்ந்து ஹாட் டாக் தின்றுகொண்டிருந்த லாமாருக்குப் புரையேறியது.

"யோவ், அவன் குட்டையில கிடந்தான்யா! பன்னியெல்லாம் சாட்சி!" என்று கத்தினான் டூயி.

"பன்னிங்க அட்டை எதுவும் தாக்கல் பண்ணலையே, தம்பி. லாமார், நீ என்னப்பா சொல்ற?"

"நான் ஓட்டினேன்னு அம்மா சொல்றாங்க. எங்கம்மாவை ஊர் முன்னால பொய்க்காரியாக்க மாட்டேன்."

ஆண்கள் அனைவரும் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த மாவட்டத்தில் பைபிளைச் சந்தேகித்தாலும் சந்தேகிக்கலாம், அடுத்தவன் அம்மாவைச் சந்தேகிக்க முடியாது.

"நீங்களும் பார்த்தீங்கல்ல, சார்?" என்றாள் வெர்லீன்.

"பார்த்தேன், மிஸஸ் ஸ்ட்ரவுட். கைகூட தட்டினேன். ஆனா அது என் சொந்த அபிப்பிராயம். உங்க அட்டையிலயே ஒரு கோடு குறையுதே?"

"புழுதியில தெரியல. தெரியாததுக்கு எப்படி சார் கோடு போடுறது?"

"உங்க நேர்மையைக் கமிட்டி மனமாரப் பாராட்டுது."

அங்கேயே ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவசரத்துக்குக் கிடைத்தது அவர் நிலையத்தின் இரங்கல் தாள்தான். சுற்றிலும் சவப்பெட்டிமேல் வைக்கும் லில்லிப் பூ வரைந்திருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் டூயி இருமினான். அந்த ஒரு கோட்டைப் போடாத தன் கையை வெர்லீன் மனதாரச் சபித்தாள்.

லாமார் புதுக் காரை மூன்றே வாரத்தில் அதே குட்டையில் இறக்கினான். வியாபாரி மனம் தளராமல் அடுத்த பந்தயத்துக்கும் அதே பரிசை அறிவித்தார்.

பந்தயத்தன்று டூயியின் கார் எஞ்சின் கழற்றப்பட்டு வீட்டு முற்றத்தில் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் வந்தார்கள். வெர்லீன் 14ஆம் எண் அட்டையைக் கேட்டு வாங்கி மேடையில் உட்கார்ந்தாள். டூயி பக்கத்தில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை உரித்தான்.

"ஏன்டி, இதெல்லாம் நல்லாவா இருக்கு?"

"பேசாம கடலையைத் தின்னு. எண்ணிக்கை தப்பிடும்."

பந்தயம் முடிந்தது. யாண்டில் அட்டையைப் பார்த்தார். டூயியைப் பார்த்தார். அவன் மடியிலிருந்த கடலைத் தோலைப் பார்த்தார். அட்டையில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

"முதலிடம், டூயி ஸ்ட்ரவுட், இருநூறு சுற்று! பிரமாதமா ஓட்டினீங்க, தம்பி" என்று கை குலுக்கினார்.

வெர்லீன் கைப்பையிலிருந்து அந்தப் பழைய பாராட்டுப் பத்திரத்தை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்குங்க, சார். என் நேர்மைக்கு லில்லிப் பூ போட்டுக் குடுத்தீங்க பாருங்க, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும், அதை அடக்கம் பண்ணிட்டீங்கன்னு."