விழும்வரை சோதிப்பவர்

விழும்வரை சோதிப்பவர் என்றொரு இனம் உண்டு. எந்த ஊரில் போய் இறங்கினாலும் பேருந்து நிலையத்துக்கு அடுத்தபடியாக இவர்களைத்தான் பார்க்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு சோதிக்கிறவர்களும் இவர்களில் உண்டு. இணையப் பக்கத்துக்குள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காத வெக்டர் படங்களைச் செருகி, பிரவுசர் தாங்குகிறதா என்று பார்ப்பது வேலை. தாங்கிவிட்டால் சந்தோஷப்படுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? முகம் தொங்கிவிடும். படத்தை ஆயிரம் மடங்கு ஊதி, புள்ளியாகச் சுருக்கி, பம்பரமாகச் சுற்றவிட்டு, ஒரு படத்துக்குள் அதே படத்தை, அதற்குள் மறுபடி அதையே திணித்து, பிரவுசர் மூச்சுமுட்டிச் சாயும்போதுதான் முகத்தில் களை வரும்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல!"

எனக்குத் தெரிந்த இப்படியொரு சோதனைக்காரருக்கு வீட்டு வரைபடம் போடும் அக்கா இருக்கிறார். அக்கா வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். முதல் வாடிக்கையாளர்களாக அன்று ஒரு தம்பதி வரவேண்டும். அவர்களுக்கான வரைபடம் இணையப் பக்கத்தில் தயாராக இருந்தது. கதவைத் தொட்டால் அறை விரியும். காலையிலிருந்து ஒழுங்காகத்தான் விரிந்தது.

"அக்கா, ஒரே ஒரு டெஸ்ட்."

"தொடாதடா. நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்குன்னு உனக்கெப்படித் தெரியும்?"

அழைப்புமணி அடித்தது. அக்கா வாசலுக்குப் போய்வரும் இடைவெளியில், வரைபடத்தின் சமையலறைக்குள் முழு வீட்டையும், அந்த வீட்டின் சமையலறைக்குள் இன்னொரு வீட்டையும் நுழைத்துவிட்டார் தம்பி. தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் மறைந்து, திரை வெறுமையானது.

மனைவி கணவரின் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி, ரகசியம் சொன்னார்: "படமே நிக்கலைங்க. வீடு நிக்குமா?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

"நல்லவேளைக்கா, இப்பவே தெரிஞ்சுது" என்றார் தம்பி, வாயெல்லாம் பல்லாக.

அக்கா அதே வரைபடத்தின் தாள்சுருளை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். தெருவில் அவர்களுடைய கார்மேல் தாளை விரித்து, அறை அறையாக விரலால் நடத்திக் காட்டி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். மூச்சு வாங்கியது; முகம் மலர்ந்திருந்தது.

"கோபமாக்கா?"

"இல்லடா. வேலை கெடச்சிருச்சு."

"கொஞ்சம்கூடவா இல்ல?"

"இல்லன்னேன்ல."

"அப்ப ஏன் குரல் மாறுது?"

கோபம் வந்தேவிட்டது. தாள்சுருள் தம்பியின் முதுகில் இறங்கியது. அப்போதுதான் தம்பிக்கு நிம்மதி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாரே, அவரிடம் "என்மேல ஏதாவது வருத்தமா?" என்று எத்தனை தடவை கேட்டீர்கள்? எத்தனையாவது தடவையில் வருத்தம் வந்தது?