அடுத்தவருக்கு அறுபத்தைந்து

வாசகரே, கொடைக்கானலில் காட்டுமாட்டுக்கு அடுத்தபடியாக வழியை மறிக்கும் பிராணி ஒன்று உண்டு. ஓய்வூதியச் சிந்தனையாளர் என்று அதற்குப் பெயர். காட்டுமாடாவது தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். இவர் நின்று பேசுவார்.

நம் உபகாரம் ஐயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகத்திலிருந்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெற்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவர். மாதம் பிறந்ததும் பென்ஷன் ஏறிவிட்டதா என்று செல்போனைத் தடவிப் பார்த்து, ஏறிவிட்டது என்று தெரிந்ததும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஏரியையும் ஒரு சுற்றுச் சுற்றி, அப்பாஸ் பாயின் டீக்கடையில் உட்கார்ந்து நாட்டின் கஜானாவைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார்.

"வரி போட்டு எத்தன பேருக்குத்தான் பென்ஷன் குடுக்க முடியும்ங்கிறேன்? அறுபத்தஞ்சு வரைக்கும் வேல பாக்கட்டும். ஒடம்பு என்ன தேஞ்சா போகும்?"

"அப்ப எனக்கு எப்பங்கய்யா ரிட்டயர்மென்ட்டு?" என்று ஒருநாள் கேட்டார், எழுபதைத் தொட்ட அப்பாஸ்.

"ஒங்களுக்கு எதுக்கு பாய்? நல்லாத்தான இருக்கீங்க!"

ஐயாவுக்கு வரி என்றால் ஏன் ஆகாது? அவர் வீட்டு மாடியில் டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம்புங்கள்.

போன மாதம் ஒரு தனியார் பள்ளியில், அறுபது முடிந்த ஜோதிமணி டீச்சருக்குப் பிரிவுபசார விழா. அந்த இடம் ஐயாவின் மகள் ஆக்ஸிலியாவுக்குத்தான் என்று பள்ளியை நடத்தும் ஃபாதர் வாக்குக் கொடுத்திருந்தார். பி.எட். முடித்துவிட்டு நான்கு வருடமாகச் சாக்லேட் கடையில் பில் போடுகிற பெண், அன்று புதுச்சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாழ்த்திப் பேச ஐயாவை அழைத்தார்கள். மைக்கைக் கண்டுவிட்டால் அவருக்கு மகளாவது, மண்ணாவது!

"அறுபதெல்லாம் ஒரு வயசா? இவ்வளவு தெம்பா இருக்கிற டீச்சரை வீட்டுக்கு அனுப்புறது தேசத்துக்கே நஷ்டம்!"

ஒரே கைதட்டல். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபாதர் நெகிழ்ந்து எழுந்தார். "சொந்த மகளையே விட்டுக்குடுத்து ஐயா பேசிட்டாங்க. டீச்சர் இன்னும் அஞ்சு வருஷம் நம்மகூடத்தான் இருப்பாங்க" என்று அறிவித்து, ஐயாவுக்கு ஒரு சால்வையும் போர்த்திவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் ஆக்ஸிலியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏம்ப்பா, ஒங்க பேச்சுக்கு நாந்தானா கெடச்சேன்?"

ஐயா மறுநாளே டீக்கடையில் கட்சி மாறிவிட்டார். "அம்பத்தஞ்சுலயே அனுப்பிரணும்ங்க! சின்னஞ்சிறுசுக வேலைக்கு எங்க போகும்? பென்ஷனுக்குத் தாராளமா வரி போடட்டும்!"

"யாரு மேலங்கய்யா?" என்றார் அப்பாஸ்.

ஐயா ஒருமுறை கடையைச் சுற்றிப் பார்த்தார். "கட வச்சிருக்கவுக மேல."

சிரிக்காதீர்கள். உங்களுக்கு என்ன வயது? வீட்டில் வேலை தேடும் பிள்ளை உண்டா? வாடகைக்கு விட்ட அறை? இதை மட்டும் சொல்லுங்கள், ஓய்வு வயதைப் பற்றிய உங்கள் கொள்கையை நானே சொல்லிவிடுகிறேன். சொல்லத் தயக்கமா? பரவாயில்லை, உங்கள் பிள்ளையைக் கேட்டுக்கொள்கிறேன்.