ஸ்டவ்வுக்கு நான் சேகரித்த நற்சான்று

நம்மூரில், வீட்டுக்கு வந்தவன் கொடுத்த பொருளை அவன் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. இது தெரியாமல்தான் எழுபதுகளில் ஒரு ஸ்டவ் கம்பெனிக்காக ஆராய்ச்சி செய்யக் கிளம்பினேன் (ஆராய்ச்சி என்பது நான் வைத்த பெயர், கம்பெனியில் அதற்குப் பெயர் 'போய்க் கேட்டுட்டு வா').

படப்பை பக்கம் சில வீடுகளுக்குப் புது மாதிரி மண்ணெண்ணெய் ஸ்டவ்வைச் சும்மா கொடுத்திருந்தோம். அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே கஷ்டப்படுகிறார்கள் என்று வாரா வாரம் கேட்டு எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் தையில் கல்யாணம் என்று வருங்கால மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்.

சேரப்பணஞ்சேரியில் அம்சா அக்கா வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுப்பார். புகை வருகிறதா என்று கேட்டேன். துளிகூட இல்லை என்றார். பாத்திரத்தில் கரி பிடிக்கிறதா? அந்தப் பேச்சே இல்லையாம். எண்ணெய் நிறையக் குடிக்கிறதோ?

"நீ ஊத்தினது அப்பிடியே கீது தம்பி."

அடடா, என்ன சிக்கனம் என்று அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன். காபியில் விறகுப் புகை வாசனை அடித்தது. மாட்டுக்கு என்ன தீனி போடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன் (இந்த மூளைக்குச் சம்பளம் வேறு). மற்ற வீடுகளிலும் இதே பாட்டுதான்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். நேரில் பார்க்க வேண்டும் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்சா அக்காவிடம், அந்த ஸ்டவ்வில் ஒரு டீ போட்டுக் காட்டச் சொன்னார்.

அக்கா பரணிலிருந்து ஒரு பழம்புடவை மூட்டையை இறக்கினார். பிரித்தால், நான் கொடுத்த அன்றைய மினுமினுப்பு குறையாமல் ஸ்டவ்.

"பொண்ணுக்கு சீர் குடுக்க எடுத்து வச்சிகீறோம் சார். ஏத்தினா கறுத்துப்பூடும்ல?"

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம். ஏற்றாத ஸ்டவ்வில் ஏது புகை?

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஒரு தடவையாவது அடுப்பாங்கரையை எட்டிப் பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அடுத்தடுத்த வீடுகளிலும் ஸ்டவ் கோணிக்குள்ளும் கட்டிலடியிலும் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் ஸ்டவ் தருவதாகச் சொல்லியாகிவிட்டது என்று அம்சா அக்கா கெஞ்ச, மேனேஜர் அதை விட்டுவிட்டார். என்னை விடவில்லை. வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது, கூடவே என் கல்யாணமும். அந்தத் தையில் அம்சா அக்கா மகள் கல்யாணம் மட்டும் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன், ஒரே எரிச்சலோடு.

என் மனைவி அந்த ஒரு வருஷத்தை இன்னும் மறக்கவில்லை. சாம்பார் பிரமாதம் என்று நான் சொன்னால் என் தட்டை எட்டிப் பார்ப்பாள். இப்போது பேரப்பிள்ளைகளும் சேர்ந்து எட்டிப் பார்க்கிறார்கள்.