என் கோட்டு பாரிஸ் போன கதை

கோட்டு தைத்துவிட்டால் பாதிப் பயணம் முடிந்தது என்று நம்பிய மடையன் நான்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. டைப் அடிக்கத் தெரியும்; அதனால் உலகமே தெரியும் என்ற நினைப்பு.

உப்பளக்காரர் சிவஞானம் அண்ணாச்சிக்குத் திடீரென்று ஊர் சுற்றும் ஆசை வந்தது. கொழும்பு போய், அங்கிருந்து பெரிய கப்பலில் முதல் வகுப்பில் எகிப்து, இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ். ("இங்கிலாந்து வேண்டாம்லே, அவங்களை இங்கனயே நெறய பாத்தாச்சு.") அவர் வீட்டு ஆச்சிக்கோ, கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றிப்போகிற லாஞ்சில் கால் வைத்தாலே குமட்டும். ஆகவே இரண்டாவது டிக்கெட்டுக்கு ஆள் இல்லை.

"அஞ்சு நாட்டு விசாவும் வாங்கிக் குடுத்தேன்னா ஒன்னையே கூட்டிட்டுப் போறேன். இங்கிலீசு பேச ஆளு வேணும்லா?" என்றார்.

அன்று சாயங்காலமே கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். (தூத்துக்குடி வெயிலில்! காய்ச்சலோ என்று தையல்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.)

மூன்று மாதமாகியும் ஒரு விசாவும் வரவில்லை. அண்ணாச்சி தினமும் ஆபீசுக்கு வந்து முறைத்தார். தப்பிக்க வழி தெரியாமல், "திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை நேந்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லி வைத்தேன். (நான் நேர்ந்துகொள்ளவில்லை. பாரிசுக்கு வகிடெடுத்துப் போக வேண்டாமா?) அடுத்த இரண்டு வாரத்தில் ஐந்தும் வந்து சேர்ந்தன.

புறப்படுகிற காலை, கோட்டுக்குள் வெந்துகொண்டு துறைமுகத்தில் நின்றேன். தலையில் சந்தனம் பூசிய யாரோ ஒருவர் என்னை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் அண்ணாச்சி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அவரேதான் அண்ணாச்சி! எலுமிச்சம்பழம் நிற்கும் என்று ஊரே புகழ்ந்த மீசையையும் முருகனுக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "இவர் யாரு?"

"சிவஞானம் அண்ணாச்சி சார்."

"அப்போ படத்துல இருக்கிறவர்?"

"அவரும் அண்ணாச்சிதான்."

"ரெண்டு பேருக்கு ஒரே பாஸ்போர்ட்டா?"

மூட்டை தூக்குகிறவர்கள் வரை சாட்சி சொன்னார்கள். அதிகாரி அசையவில்லை. "ஊருக்குத் தெரியும். கொழும்புக்குத் தெரியுமா?" என்றார். எங்களை விட்டுவிட்டு லாஞ்சு கப்பலுக்குப் போனது.

"முடி வளரட்டும்லே, பொறுப்போம்" என்றார் அண்ணாச்சி. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எதுக்கு அண்ணாச்சி? புதுப் பாஸ்போர்ட்டே எடுத்திருவோம்" என்று, அன்றைக்கே ஸ்டூடியோவில் உட்கார வைத்து மொட்டையோடு படம் பிடித்தேன். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து மறுபடி மனு, மறுபடி ஐந்து விசா. எல்லாம் முடிய ஐந்து மாதம். வெற்றி வீரனாக அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணாச்சி கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்தார். கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏலே, இதுல இருக்கது யாரு?"

படத்துக்குப் பொருந்த மறுபடி மொட்டை போடுவதுதான் வழி என்று முடிவாயிற்று. அண்ணாச்சிக்கு வழக்கமாகச் சவரம் செய்கிற சுடலைமுத்து அண்ணனை வரச் சொன்னார்கள். அவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப எடுத்தாலும் அடுத்த தேசம் போறதுக்குள்ள முளைச்சிருமே அண்ணாச்சி" என்றார்.

"அப்ப நீயும் வா."

நான் குறுக்கே பாய்ந்தேன். "அங்கனயும் சவரக்கடை இருக்கும் அண்ணாச்சி!"

"வெள்ளக்காரன் கத்திக்குக் கழுத்தைக் குடுக்கவாலே சுதந்திரம் வாங்கினோம்?"

"அப்ப இங்கிலீசு?"

"இங்கிலீசைக் கையைக் காட்டிப் பேசிக்கிடலாம். மொட்டையைக் கையைக் காட்டிப் போட முடியுமா?"

சுடலைமுத்து அண்ணனுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். அதுவும் ஒரே மாதத்தில். அதுவரை இல்லாத சாமர்த்தியம் எங்கிருந்து வந்ததோ! கிளம்பும்போது அண்ணாச்சி, "அவனுக்கு அங்கன குளிரும்லே, ஒன் கோட்டைக் குடு" என்றார். கழற்றிக் கொடுத்தேன். என்னைவிடச் சுடலைமுத்து அண்ணனுக்குத்தான் கச்சிதமாக இருந்தது. லாஞ்சு புறப்பட்டதும் உண்மையாகவே அழுதேன்.

திரும்பி வந்த சுடலைமுத்து அண்ணன் கடற்கரை ரோட்டில் 'பாரிஸ் சலூன்' திறந்தார். சுவரில் பெரிதாக ஒரு படம்: ஈபில் கோபுரம், அதன் கீழே சவரப்பெட்டியோடு அவர், அவர்மேல் என் கோட்டு. மாதம் ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் முடி வெட்டிக்கொள்கிறேன்.

என் மகன் சிறுவனாக இருந்தபோது சலூனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க பாரிசுக்குப் போகலையா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டான்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "அப்பாவுக்கு வேலை இருந்துச்சு. கோட்டை மட்டும் அனுப்பி வச்சாவ."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "சரி, கோட்டையாவது கழத்திக் குடுத்து விடுங்க" என்கிறார்கள்.