மூல ரகசியப் பரணி

தைவான் நாட்டுத் தைனான் மாநகரின் மீன்வாடை கமழும் சந்தைத் தெருவில் உதித்த தீரனே, கைபேசியின் கேமராக் கண்ணைக் கறுப்பு ஒட்டுத்தாளால் குருடாக்கிய காவலனே, எந்தச் செயலி எந்த அனுமதி கேட்டாலும் "மறு" என்றே அழுத்தும் கட்டைவிரல் வேந்தனே, குவோ பின்-ஷெங்கே, உன் புகழ் பாடப் புகுந்தோம். கேட்போர் சிரிப்பை அடக்கிக்கொள்வாராக!

வந்தது சோதனை. வியாழனன்று அவ்வீரனுக்கு மூல நோய் அறுவை. தனித்து வாழும் அவன் வீட்டிலோ கொழுத்த பூனை ஒன்று. அதற்குச் சோறிடத் தகுந்த உயிர்த்தோழி உலகில் ஒருவரே: மீன்கடை சியூ-லியன் அக்கா. விடியல்தோறும் ஊருக்கெல்லாம் தாமரைப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பும் அன்பின் ஊற்று. ஆனால் அக்கா குடியிருப்பதோ ஊரே குடியிருக்கும் பொதுச் செய்திச் செயலியில். அதை ஒற்றர் பாசறை என்று ஐயுற்று என்றோ துறந்தவன் நம் வீரன்.

நேரில் சொன்னால் என்ன என்கிறீர்களா? மீன் சந்தையில், நூறு காதுகளுக்கு நடுவே, 'மூலம்' என்று வாய் திறப்பதா! அங்கே ரகசியம் போகும். இங்கே பூனை பட்டினி. இரு மலைகளுக்கிடையே அகப்பட்ட வேழமெனத் தவித்தவன் மூன்றாம் வழி கண்டான். அக்காவின் கைபேசியிலேயே தன் பூட்டுச் செயலியைக் கொடியென நாட்டப் புறப்பட்டான்.

"என்ன தம்பி இது? நான் என்ன கப்பல்படை ரகசியமா பேசறேன்? மீன் விலைதானே பேசறேன்!"

"பூட்டுப் போட்ட செயலி, அக்கா. நடுவுல ஒருத்தனாலயும் பிரிக்க முடியாது."

"தாமரைப் படம் போகுமா?"

"போகும்."

"அப்ப போட்டுத் தொலை. கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்து தெரியாது, பேசியே அனுப்பு."

வீட்டுச் சாவியை அவர் கையில் திணித்துத் திரும்பிய வீரன், கதவடைத்து, சன்னல் சாத்தி, போர்வைக்குள் புகுந்து, தாழ்குரலில் பதிந்தான். ஒருமுறை கேட்டதும் அழிக என்று ஆணையிட்டான். இரும்புக் கவசம் பூண்ட அச்செய்தி, ஒற்றர் கண்ணில் படாமல், கள்வர் கையில் சிக்காமல், காற்றைக் கிழித்துச் சந்தையை அடைந்தது.

ஈரம் படாதிருக்கப் பிளாஸ்டிக் பையில், தராசுக் கொக்கியில் தொங்கியது அக்காவின் கைபேசி. இரு கையிலும் மீன். முழங்கையால் அமுக்கினார். முழு ஒலியில் முழங்கியது வீரனின் குரல்:

"அக்கா! வியாழக்கிழமை எனக்கு மூல ஆபரேஷன். பூனைக்குச் சோறு வைங்க. உசிரே போனாலும் யாருக்கும் சொல்லாதீங்க!"

ஓங்கிய கத்திகள் அந்தரத்தில் நின்றன.

"எனக்குச் சரியா கேக்கல, இன்னொரு தடவ போடு!" என்றார் எதிர்ச்சாரிக் கோழிக்கடைக்காரி.

ஆணைப்படி செய்தி அழிந்திருந்தது. அழியாத அக்கா தம் வெண்கலத் தொண்டையால் அதை மீண்டும் அறிவித்தார், கடைசி வரி உட்பட.

வியாழன் மாலை மருத்துவமனையில் குப்புறக் கிடந்த வேந்தனைச் சூழ்ந்தது சந்தைப் பெரும்படை. ஆளுக்கொரு தூக்குப் பாத்திரம். அத்தனையிலும் காயம் ஆற்றும் கொடுவா மீன் சாறு, இஞ்சி மணக்க.

"வெக்கப்படாத தம்பி, எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு!" என்று முழங்கினார் கோழிக்கடைக்காரி. வாசலில் நின்ற அவர் கணவர் கூரையைப் பார்த்தார்.

சிரித்தான் வீரன், சிரித்ததும் வலித்தது. ரகசியத்தை ஒரு தட்டிலும் அச்சாற்றை மறு தட்டிலும் இட்டு மனத்தராசில் நிறுத்தான். சாற்றுத் தட்டு தரை தொட்டது. தோற்றும் வென்ற அந்த மாவீரன், மூன்றாம் கிண்ணத்தை நீட்டியபடி, அனைவரையும் கண்ணீர் மல்க நோக்கி, வெற்றிப் பேருரை ஆற்ற வாய் திறந்தான்.

பூனைக்குச் சோறு வைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.