விசில் அக்கா விசிலடிக்காத பாட்டு

உலகத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே மிக உரக்க விசிலடிப்பவர் மண்ணூர்பேட்டையில், நான் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் இருக்கிறார் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ரயில் எஞ்சினை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் எனக்குப் பயமில்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் விசில் அக்கா. ஒல்லியான உடம்பு. அந்த உடம்புக்குள் அவ்வளவு காற்றை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். மிஷின் சத்தத்தில் கடைசி வரிசைப் பெண்ணைக் கூப்பிட முடியாமல் விசிலடிக்கப் பழகியதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை அந்தக் கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை. ஆபீசர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அலாரம் வேலை செய்யவில்லை. மேனேஜர் வியர்த்துப்போய் அக்காவைப் பார்த்தார். அக்கா இரண்டு விரலை வாயில் வைத்தார். அவர்கள் கம்பெனி ஆட்கள் வெளியே வந்தது சரி. பக்கத்து பிஸ்கட் கம்பெனியிலிருந்தும் அத்தனை பேரும் தலைதெறிக்க ஓடி வந்து ரோட்டில் நின்றார்கள். மறுபடி உள்ளே போகச் சொன்னால் ஒருவரும் போகவில்லை.

ஷேர் ஆட்டோவை நிறுத்த அக்கா விசிலடித்தால் எதிர்ப்பக்கம் போகிற ஆட்டோவும் நின்றுவிடும். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் சந்தோஷம் தாங்காமல் ஒரு விசில் விட்டார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார். ஐயர் மந்திரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். மாப்பிள்ளை மட்டும் எதற்கும் அசையாமல் முடிச்சுப் போட்டான். அவன் அக்காவின் லைனில் வேலை பார்க்கிறவன்.

ஆனால் அந்த விசிலின் உண்மையான மவுசு ஆடி மாதத்தில்தான். காலையில் கூழ், சாயங்காலம் தெருமுனையில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி. வருகிறது எப்போதும் ஒரே குழுதான், வெண்கலமணி இன்னிசைக் குழு. பாடுகிறவருக்கு 'வெல்லக்குரல்' என்று பட்டம். இருட்டின பிறகும் கறுப்புக் கண்ணாடி போடுவார், வெள்ளை ஷூ போடுவார், ஆனால் வாயைத் திறந்தால் அதையெல்லாம் மன்னித்துவிடத் தோன்றும். அப்படி ஒரு குரல்.

அக்கா முன்வரிசையில் நடு நாற்காலி. ஒற்றை விசில் வந்தால் பாட்டு பரவாயில்லை என்று அர்த்தம். இரட்டை விசில் வந்தால் பிரமாதம். சுருட்டி இழுத்து ஒன்று விட்டால் அதே பாட்டை இன்னொரு தடவை பாடியாக வேண்டும். அக்கா அடித்த பிறகுதான் தெரு கைதட்டும். வருஷக்கணக்காகப் பழகிப்போய், அவர் அடிக்காவிட்டால் கை தட்டலாமா கூடாதா என்றே எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கச்சேரி முடிந்ததும் அம்மன் படத்துக்கு முன்னால், மேடையிலேயே, அடுத்த வருஷத்துக்கான தாம்பூலத் தட்டைக் குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். தட்டு கைமாறினால் கச்சேரி நிச்சயம். அம்மன் சாட்சியாகக் கொடுத்ததை அப்புறம் மாற்றக் கூடாது. ரசிகர்களில் தலைமை ரசிகை என்பதால் தட்டைக் கொடுப்பது அக்காதான்.

ஒரு வருஷம் தட்டு கொடுத்து ஆறேழு மாதம் போயிருக்கும். குழுவில் பெண் குரல் பாடிக்கொண்டிருந்த கீர்த்தனா என்ற பூந்தமல்லிப் பெண் செல்போனில் ஒரு வீடியோ போட்டாள். கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது வெல்லக்குரல் தன்னிடம் கேவலமாக நடந்துகொண்டார், வெளியே சொன்னால் எங்கேயும் பாட முடியாது என்று மிரட்டினார் என்று சொன்னாள். அழவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னாள். அடுத்த வாரம், அதே குழுவில் முன்பு பாடிய இன்னும் இரண்டு பெண்கள் அதையே சொன்னார்கள். வெல்லக்குரல் ஒரு வீடியோ போட்டார். எல்லாம் சதி, தன் வளர்ச்சி பிடிக்காதவர்கள் செய்வது என்றார். அதிலும் கறுப்புக் கண்ணாடி.

தெரு இரண்டாகப் பிரிந்தது. "நமக்கு இன்னாத்துக்கு வம்பு, பாட்ட கேட்டமா, ஊட்டுக்கு வந்தமான்னு இருப்போம்" என்றது ஒரு பாதி. "அந்தாள மேடை ஏத்தினா நான் கூழே ஊத்த மாட்டேன்" என்றது மறுபாதி. நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு அது கைவந்த கலை.

விழாக் குழுத் தலைவர் ஏழுமலை ஆவடி பாக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர் ஒரே பிடியாக நின்றார். "தட்டு குடுத்தாச்சு. அம்மன் முன்னால குடுத்தத திருப்பி வாங்கினா தெருவுக்கு ஆவாது. அவ்ளோதான், பேச்சு இல்ல."

எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். அவருடைய செல்போனில் ரிங்டோன் மாறியிருந்தது. அதுவரை வெல்லக்குரல் பாடும் ஒரு பழைய மழைப்பாட்டு இருந்தது. இப்போது வெறும் டிங் டிங். அடிக்கிறது தன் போன்தான் என்று தெரியாமல் அக்கா ஊரில் இருப்பவர்களிடமெல்லாம், "யாரு போனுப்பா அது, எடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அக்கா துணி காயப்போடும்போது அவர் வீட்டு மாடியில் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நீங்க அந்தப் பொண்ணு சொல்றத நம்புறீங்களா?"

"என் லைன்ல அத்தினி பொண்ணுங்க கீதுங்க ரைட்டரு. எது சினிமாவுக்குப் போவ வயித்து வலின்னு சொல்லுது, எதுக்கு நெசமாவே வலிக்குதுன்னு மூஞ்சியப் பாத்தா எனுக்குத் தெரியும். அது நெசமா வலிக்கிற மூஞ்சி."

"அப்போ கச்சேரிக்குப் போக மாட்டீங்க?"

அக்கா ஈரப் புடவையை ஓங்கி உதறினார். பாதித் தண்ணீர் என் மேல். "நான் இன்னாத்துக்குப் போவாம இருக்கணும்? தெரு என்னுது. அம்மன் என்னுது. அந்தச் சேரு நான் தொடச்சிப் போட்ட சேரு. வேணும்னா அவன் வராம இருக்கட்டும்."

புடவைக்குக் கிளிப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "எங்க ஊட்டுக்காரு செத்தப்போ நான் ஊட்ட உட்டே வெளிய வர்ல, தெரியுமா. அந்த ஆடிக்கு எங்க வாசக் கம்பத்துலதான் ஸ்பீக்கர் கட்னாங்கோ. அந்த மழப்பாட்டு வந்துச்சு. எந்திரிச்சு வாசலுக்கு வந்துட்டேன். எப்டி வந்துச்சுன்னே தெர்ல, வெரல வாயில வெச்சு ஒரு விசிலு. அதான் மொதோ விசிலு. கம்பெனி, மிஷினு எல்லாம் சும்மா சொல்றது."

அக்காவே பேச்சை மாற்றினார். "மேல தண்ணி பட்டுச்சா? தொடச்சிக்க" என்று துண்டைக் கொடுத்தார்.

கச்சேரி நாள் வந்தது. நாற்காலிகள் நிரம்பிவிட்டன, திட்டினவர்களும் வந்திருந்தார்கள், என்னதான் நடக்கிறது என்று பார்க்க. நான் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி. வெல்லக்குரல் மேடையேறி இரண்டு கையையும் விரித்து நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் ஒற்றை விசில் வரும். தெருவே அக்காவைப் பார்த்தது. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ இரண்டு தட்டு தட்டிவிட்டு வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்கள். வெல்லக்குரல் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஹலோ... சவுண்டு கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றது ஒரு குரல், உயிரே இல்லாமல்.

முதல் பாட்டு. பல்லவி முடிந்தது. சத்தம் இல்லை. நடுவில் வரும் மியூசிக்கை கீபோர்டு வாசிக்கும் சுரேஷ் ஆரம்பித்தான். ஆவடி குவார்ட்டர்ஸ்காரன், அதுவரை அவன் முகத்தை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அக்கா விரலை வாயில் வைத்தார்.

இரட்டை விசில்!

செம்பரம்பாக்கம் ஏரி ஷட்டரைத் திறந்துவிட்ட மாதிரி தெரு கைதட்டியது. வெல்லக்குரல் தனக்குத்தான் என்று நினைத்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். சரணத்தை ஆரம்பித்தார். ஷட்டர் மூடிக்கொண்டது.

மூன்றாவது பாட்டில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நடுவில் வரும் மியூசிக்கிலும் விடாமல் லலலா என்று பாட ஆரம்பித்தார். அக்கா வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டார். தெருவும் கையைக் கட்டிக்கொண்டது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் டிரம்ஸ்காரர் ஒரு உருட்டு உருட்டினார். விசில்! அந்த மனிதர் அதற்குப் பிறகு உருட்டுவதை நிறுத்தவே இல்லை. சுரேஷ் நாலு வரி மியூசிக்கை நாற்பது வரியாக இழுத்தான். நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் கயிற்றை இழுத்து விளக்கு வந்ததும் அவருக்கும் ஒரு விசில். வாழ்நாளில் முதல்முறையாகக் கைதட்டல் வாங்கிய அவர் மேடையோரம் வந்து, எண்ணெய்க் கையைத் துடைத்து, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் வெல்லக்குரல் கண்ணாடியைக் கழற்றினார். அக்காவை நேராகப் பார்த்து, அந்த மழைப்பாட்டை எடுத்தார்.

பொய் சொல்லக் கூடாது. அப்படி அவர் என்றைக்கும் பாடியதில்லை. எனக்கே கை துறுதுறுத்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"எப்டிப் பாடறான் பாரு ரைட்டரு" என்றார். "பாவி. இந்தக் குரல வெச்சிகினு மனுசனா இருந்திருக்கக் கூடாதா?"

பாட்டு முடிந்தது. பாட்டின் உச்ச இடத்தில் வரவேண்டிய விசில் வரவில்லை. சீரியல் லைட் எரிகிற சத்தம்கூடக் கேட்டது.

ஏழுமலை அவசரமாகத் தட்டை நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு மேடையேறினார். வெல்லக்குரல் இரண்டு கையையும் நீட்டினார். அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு, வயரைத் தாண்டி, கீபோர்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, உன் பேரு இன்னா?"

"சு... சுரேஷ்க்கா."

"புடி. அடுத்த வருசம் நீ புதுசா ஒரு குழு சேத்துகினு வா. அந்தப் பூந்தமல்லிப் பொண்ணையும் இட்டுகினு வா. வேன்ல பொண்ணுங்களுக்குத் தனியா முன் சீட்டு. இன்னா, புரியுதா?"

மைக் ஆனில் இருந்தது. எஸ்டேட் வரைக்கும் கேட்டிருக்கும். சுரேஷ் தட்டை வாங்கிக்கொண்டான்.

ஏழுமலை ஓடி வந்தார். "அக்கா, இன்னா பண்ற நீ! தட்ட வாங்கு மொதல்ல!"

"ஆவாது தலைவரே" என்றார் அக்கா. "அம்மன் முன்னால குடுத்தத திருப்பி வாங்கினா தெருவுக்கு ஆவாது. நீ சொன்னதுதான?"

ஏழுமலை அம்மன் படத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை. முதலில் கைதட்டியவர் ஜெனரேட்டர்காரர்.

அதற்குப் பிறகு நான் காட்டுப்பாக்கத்துக்குக் குடிமாறிவிட்டேன். ஆனால் அடுத்த ஆடிக்கு ஆபீசில் லீவ் சொல்லிவிட்டு ஓடினேன். சுரேஷ் புதுக்குழுவோடு வந்திருந்தான். கீர்த்தனாவும் வந்திருந்தாள். அக்கா முன்வரிசையில் இருந்தால்தான் பாடுவேன் என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டாளாம். அக்கா அவளிடம் ஒரே ஒரு பாட்டுதான் கேட்டார். அந்த மழைப்பாட்டு.

"அந்தப் பாட்ட அவன்கிட்டயே உட்டுட்டா நான் இன்னாத்தக் கேக்கறது?" என்றார் என்னிடம்.

அந்தப் பெண் பாடினாள். வெல்லக்குரல் மாதிரி இல்லை. அவள் மாதிரி பாடினாள். அந்த உச்ச இடம் வந்தது. விசில் வரவில்லை. அக்கா விரலை வாயில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் விம்மிக்கொண்டிருந்தார். அழுகிற உதட்டில் விசில் நிற்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரு அக்காவையே பார்த்தபடி கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தது. மேடையில் அந்தப் பெண்ணின் முகம் வாடியது. பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள். மைக்கைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

எனக்குப் பதறிவிட்டது. ஜென்மத்தில் எனக்கு விசில் வந்ததில்லை. அக்காவே சொல்லிக்கொடுத்துப் பார்த்துக் கைவிட்ட கேஸ். இருந்தாலும் இரண்டு விரலையும் வாயில் திணித்து, அடிவயிற்றிலிருந்து ஊதினேன்.

பூஸ் என்று ஒரு சத்தம். கொஞ்சம் எச்சில்.

முன்வரிசை சிரித்தது. அப்புறம் தெருவே சிரித்தது. அக்கா திரும்பி, அழுத முகத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அய்ய ரைட்டரு, அதுக்குப் பேரு விசிலா? பஞ்சரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் உதடு சரியானது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து, சுருட்டி இழுத்து ஒன்று விட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இன்றைக்கும் எனக்கு விசில் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் அக்கா இருக்கிற வரைக்கும், வராமலே போகட்டும்.