வளம் மாமாவும் ஒரு வண்டிச் சக்கையும்

இந்தியா இன்னும் வளரும் நாடாகவே இருப்பதற்கு ஒரே காரணம், எங்கள் வலியசாலைத் தெரு வளம் மாமாவிடம் யாரும் யோசனை கேட்காததுதான்.

அப்பா அம்மா வைத்த பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தபால்காரர்கூட "வளம் சார் உண்டோ?" என்றுதான் கேட்பார். அரசு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மழை பெய்தால் என்னைக் கீழே கூப்பிடுவார். "பாத்தயாடா? அத்தனையும் வளம்! வெறுதே ஓடையில போறது."

கோவளத்துக்குப் போனால் கறுப்பு மணலை அள்ளி மூக்குக்கு நேரே நீட்டுவார். "இதுல டைட்டானியம் இருக்கு. ஏரோப்ளேன் பண்ண லோகமே தேடறது. நம்மாளுகள் அது மேல உக்காந்து கடலை கொறிக்கறா!" அந்த மணல் வேட்டி மடிப்பில் வீடு வந்து சேர, மறுநாள் சாம்பாரில் அது நறநறத்து மாமிக்குப் பல் கூசியது.

ஒரு கோடையில் மாமாவின் பார்வை பலாவில் விழுந்தது. பொன்முடி அடிவாரத்தில் சக்கை, மலையாளத்தில் பலாப்பழத்துக்கு அதுதான் பேர், பழுத்து, விழுந்து, அழுகுகிறதாம். கொட்டையைக் காயவைத்து மாவாக்கி, சுளையை வற்றலாக்கி ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றார். சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோ பிடித்துப் போனார். மரத்துக்காரர்கள் "கொண்டு போனா உபகாரம்" என்று இலவசமாகவே ஏற்றிவிட்டார்கள். கூடம், இடைகழி, மாடிப்படி எங்கும் சக்கை. "சக்கைகிட்ட அனுமதி கேட்டுண்டுதான் சமையக்கட்டுக்கே போறேன்" என்றாள் மாமி.

காயவைக்கலாம் என்றிருந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. சக்கைகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் பழுத்தன. வாசனை கோயில் வரை போயிற்று. ஈக்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திருநெல்வேலியிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்பு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், என் அம்மா வேண்டாத தெய்வமில்லை.

"மாமா, என் கல்யாணம்..." என்று கெஞ்சினேன்.

"வரட்டுமேடா. அவாள்ள ஒரு முதலீட்டாளர் இருக்கப்படாதா?"

வந்தார்கள். மாடிக்கு வழியில்லை. அவர்களைக் கூடத்திலேயே மடக்கி, தேசத்தின் பொருளாதாரத்தை மாமா ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டே தலையாட்டினார். பெண்ணின் அம்மா பட்டுப்புடவையில் சக்கைப் பிசின் ஒட்டிவிட்டது. போயிற்று, இந்த வரனும் போயிற்று என்று நான் சுவரில் சாய்ந்தேன்.

அப்போது சுதா, பெண் அவள்தான், கேட்டாள்: "மாமா, எல்லாமே இன்னிக்குப் பழுத்துடுத்தே. இனிமே காயவைக்க முடியாது. கிளறிட வேண்டியதுதான். பெரிய உருளி இருக்கா?"

மாமா தேசத்தின் பொருளாதாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். அவர் யோசனையைக் கேட்டுவிட்டு யாரும் அதுவரை பாத்திரம் கேட்டதில்லை.

சுதா கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் அவள் அப்பா அரிவாளை எடுத்தார். அடுத்த வீட்டு உருளி வந்தது, எதிர்வீட்டு வெல்லம் வந்தது, சாயங்காலத்துக்குள் தெருவே அல்வாப் பதத்தில் சக்கை வரட்டி கிளறியது. கிளம்பும்போது பெண் வீட்டார் கையில் ஆளுக்கொரு டப்பா. மிச்சத்தை மாமா தெருவுக்கே தானம் செய்துவிட்டார். ஏற்றுமதி திருநெல்வேலி வரைக்கும்தான் நடந்தது.

சம்மதம் சொன்னபோது சுதா காரணமும் சொன்னாளாம்: "மாப்பிள்ளை ஒண்ணும் பேசலை. ஆனா கீழ் வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தா ஜன்மத்துக்கும் போரடிக்காது."

போன மாதம் மாமாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அவர் பிள்ளை வெளிநாட்டில். நான்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கைபிடித்து வெளியே அழைத்து வந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எவ்வளவு வெயில்டா! ஒருத்தரும் உபயோகிக்கறதில்லை."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, மாமாவோடு நானும் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன்.